லோக்கலா, முதுகு ஊசியா, முழு மயக்கமா? குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால்

"ஏனுங் டாக்டரம்மா, எங்கய்யனுக்கு முதுகுல ஊசி மட்டும் வேண்டாமுங்க. எங்க பெரியம்மா அதைப் போட்டுட்டு வந்ததுலிருந்து இடுப்பைப் புடிச்சுட்டே நிக்கறாங்க." காங்கேயத்துக்குப் பக்கத்திலிருந்து வந்திருந்த மகள் பேச்சை இப்படித்தான் தொடங்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் நேர்மாறாகச் சொன்னார்: "முழு மயக்கம் குடுத்தா வயசானவங்களுக்கு ஞாபகமே போயிருமாமுங்க. முதுகுலயே போட்டுருங்க." ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவருக்கு 68 வயது, 60 கிலோ எடை. பிள்ளைகள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "எதோ ஒண்ணு போடு கண்ணு. மாட்டைப் புடிச்சுக் கட்டோணும். சீக்கிரம் அனுப்பி உட்டுரு."

அவருக்கு வலது தொடையிடுக்கில் குடல் இறங்கியிருக்கிறது. படுத்தால் உள்ளே போய்விடும், இருமினால் பிதுங்கும். பெரும்பாலான ஆபரேஷன்களில் எந்த மயக்கம் என்ற கேள்வி பேச்சளவில்தான் இருக்கும். வெட்டுகிற இடமே பதிலைச் சொல்லிவிடும். தொடையிடுக்குக் குடலிறக்கத்தில் அப்படியில்லை. அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்துச் செய்யலாம் (இதைத்தான் லோக்கல் என்கிறோம்), முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்துச் செய்யலாம், முழு மயக்கம் கொடுத்தும் செய்யலாம். மூன்று வழியும் உண்மையாகவே திறந்திருக்கின்றன. அதனால்தான் குடும்பத்தில் ஆளுக்கொரு பேச்சு வருகிறது.

ஈரோட்டுக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் உள்ள சின்ன மருத்துவமனைகளுக்குப் போய் மயக்கம் கொடுப்பது என் வேலை. குடலிறக்கம் என்று சொன்னதுமே எங்கள் கை தானாக முதுகு ஊசிக்குப் போகும். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். இப்போது என் வரிசை வேறு. 65 வயதைத் தாண்டியவர், குடல் தானாக உள்ளே போகிறது, திறந்து செய்து, மறுபடி பிதுங்காமல் தடுக்கும் வலை வைக்கப் போகிறார்கள், சர்ஜனுக்கு லோக்கலில் செய்து பழக்கம் உண்டு என்றால் முதலில் லோக்கல். அது முடியாவிட்டால் முழு மயக்கம். முதுகு ஊசிக்கு மூன்றாம் இடம்தான். 2018-இல் வெளிவந்த சர்வதேசக் குடலிறக்க வழிகாட்டுதலும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முதுகு ஊசியைவிட மற்ற இரண்டையுமே பரிந்துரைக்கிறது. ஊரில் நடப்பதும் இதுவும் வெகுவாக விலகி நிற்பதால், மருந்துகள் உடம்பில் என்ன செய்கின்றன என்பதிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

மரப்பு மருந்தைத் தோட்டத்துக்காரருக்கு விளக்குவது சுலபம். நரம்பு ஒரு வாய்க்கால். வலிச் சேதி அதில் ஓட வேண்டுமென்றால் நெடுக உள்ள சின்னச் சின்ன மடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து சோடியத்தை உள்ளே விட வேண்டும். லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து அந்த மடையை அடைக்கிறது. வெளியில் நின்று அடைக்க முடியாது, உள்பக்கம் போய்த்தான் அடைக்க வேண்டும். நரம்பின் சவ்வு கொழுப்பால் ஆனது. மின்னேற்றம் இல்லாத மூலக்கூறுதான் அந்தக் கொழுப்பைத் தாண்டும். தாண்டிய பிறகு மின்னேற்றம் பெற்று மடைக்குள் சிக்கி உட்கார்ந்துகொள்ளும். உடம்பின் இயல்பான 7.4 பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) அளவில் லிக்னோகெய்னில் சுமார் கால்வாசியும், புபிவக்கெய்ன் என்ற இன்னொரு மரப்பு மருந்தில் சுமார் 15 சதவீதமும் மின்னேற்றம் இல்லாமல் இருக்கின்றன. லிக்னோகெய்ன் சில நிமிஷத்தில் பிடிப்பதற்கும் புபிவக்கெய்ன் தாமதிப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். ஆனால் புபிவக்கெய்ன் புரதத்தோடு 95 சதவீதம் ஒட்டிக்கொள்ளும், பிடித்தால் மணிக்கணக்கில் விடாது. சீழ்க்கட்டியைக் கீறும்போது "ஊசி போட்டும் வலிக்குதே" என்று கத்துவார்கள். அவர்கள் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சீழ் கட்டிய இடத்தில் அமிலம் கூடியிருக்கிறது. மருந்து மின்னேற்றத்தோடு சவ்வுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது.

லிக்னோகெய்னை 1943-இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரேன் உருவாக்கினார், 1948-இல் விற்பனைக்கு வந்தது. புபிவக்கெய்னும் அதே நாட்டில் 1957-இல் பிறந்தது. இன்றைக்கும் எங்கள் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற குப்பிகள் இவை இரண்டும்தான். குப்பியில் 2 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு மி.லி.யில் 20 மி.கி. மருந்து என்று பொருள். லிக்னோகெய்னைத் தனியாகப் போட்டால் கிலோவுக்கு 3 மி.கி., அட்ரினலின் சேர்த்தால் 7 மி.கி. வரை என்ற கணக்கில் நான் போகிறேன். அட்ரினலின் அங்கேயுள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கி மருந்தை அந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கும். புபிவக்கெய்னுக்குக் கிலோவுக்கு 2 மி.கி.

இந்த 60 கிலோ பெரியவருக்குக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அட்ரினலின் சேர்த்த லிக்னோகெய்ன் 420 மி.கி. வரை போகலாம், புபிவக்கெய்ன் 120 மி.கி. வரை போகலாம். ஆனால் இரண்டையும் கலந்தால் இரண்டின் விஷமும் கூடும், தனித்தனி வரம்பு என்று நினைக்கக் கூடாது. 1 சதவீத லிக்னோகெய்ன் 20 மி.லி. எடுத்தால் 200 மி.கி., அது வரம்பில் பாதியை நெருங்குகிறது. கால் சதவீதப் புபிவக்கெய்ன் 20 மி.லி. எடுத்தால் 50 மி.கி., அது இன்னொரு 42 சதவீதம். ஆக மொத்தம் 40 மி.லி. கையில் இருக்கிறது, வரம்பில் 90 சதவீதம் தீர்ந்துவிட்டது. ஒரு பக்கக் குடலிறக்கத்துக்கு இது போதும். இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று சர்ஜன் சொன்னால் லோக்கல் என்ற பேச்சை நான் எடுக்க மாட்டேன். அதற்கு மேல் மருந்துக்கு இடமில்லை.

அளவு மீறினால், அல்லது ஊசி ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால், முதலில் உதட்டைச் சுற்றியும் நாக்கும் மரக்கும். வாயில் இரும்புச் சுவை தட்டும், காதில் இரையும். பிறகு வலிப்பு வரலாம். புபிவக்கெய்ன் இன்னும் பொல்லாதது. இதயத்தின் சோடியம் மடைகளிலும் போய் உட்கார்ந்துகொண்டு விலகத் தாமதிக்கும். அப்படி நின்ற இதயத்தை ஓட வைக்க 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை ரத்தக் குழாய் வழியாக ஏற்றுகிறோம், முதலில் கிலோவுக்கு 1.5 மி.லி. இவருக்கு என்றால் 90 மி.லி. அந்தக் கரைசல் மருத்துவமனையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் புபிவக்கெய்னைத் திறப்பேன். முழு மயக்கத்துக்குப் போடும் புரோபோஃபாலும் வெள்ளையாகத்தானே இருக்கிறது, அதுவும் கொழுப்புதானே என்று ஒரு இளம் மருத்துவர் கேட்டார். அதில் கொழுப்பு பாதிதான். கூடவே மயக்க மருந்தும் போய் ரத்த அழுத்தத்தை இன்னும் கீழே தள்ளும். அதைப் பதிலாக வைக்கவே கூடாது.

தேளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் மயக்க மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி அது. ஓட்டுச் சந்து, கிளுவை வேலி, சோளத்தட்டுப் போர் என்று தேள் இல்லாத தோட்டம் கிடையாது. தேளின் விஷம் வேலை செய்வதும் அதே சோடியம் மடையில்தான், ஆனால் எதிர்த்திசையில். மடையை மூட விடாது. வலிச் சேதி நிற்காமல் ஓடுகிறது, கொட்டு வாங்கியவர் துடிக்கிறார். கொட்டின இடத்தில் லிக்னோகெய்ன் போட்டதும் வலி அடங்குவது அதனால்தான். (வலி மட்டும்தான் அடங்கும். செந்தேள் விஷம் இதயத்தைத் தாக்கும்போது பிரசோசின் மாத்திரை தேவை. மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு டாக்டர் பவாஸ்கர் காட்டிய வழி அது. வலி நின்றுவிட்டது என்று கொட்டு வாங்கியவரை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள்.)

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு மருத்துவமனையில் ஒருவருக்கு முதுகு ஊசி போட்டேன். தண்டுவட நீர் தெளிவாகச் சொட்டியது, மருந்து முழுதாகப் போயிற்று, எல்லாம் சரி. இருபது நிமிஷம் கழித்தும் காலை மடக்கிக் காட்டினார். ஊசி தவறிவிட்டது என்று என்னை நானே நொந்துகொண்டு முழு மயக்கத்துக்கு மாற்றினேன். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தபோது அவர் மனைவி சொன்னார்: "தேளு மூணு தடவை கொட்டிருக்குதுங்க. பல்லுப் புடுங்கறப்பவும் ஊசி ஏறவே இல்லீங்க." பல முறை தேள் கொட்டியவர்களுக்கு மரப்பு மருந்து பிடிக்காமல் போனதாக இந்திய மயக்கவியல் இதழ்களில் குறிப்புகள் வந்திருக்கின்றன. விஷம் மடையின் அமைப்பையே மாற்றிவிடுகிறதா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அன்றிலிருந்து தேள் கொட்டியிருக்கிறதா, எத்தனை தடவை, பல் பிடுங்கும்போது ஊசி பிடித்ததா என்று எல்லோரையும் கேட்கிறேன். இந்தப் பெரியவருக்கு இரண்டு தடவை கொட்டியிருந்தது. முன்கையில் துளி லிக்னோகெய்ன் போட்டு ஐந்து நிமிஷம் கழித்துக் கிள்ளிப் பார்த்தேன். "ஒண்ணுந் தெரியல கண்ணு" என்றார். அவருக்குப் பிடிக்கிறது.

இதையும் சிலர் "டெஸ்ட் டோஸ்" என்பார்கள், ஆனால் ஊரில் டெஸ்ட் டோஸ் என்று சொல்வது ஒவ்வாமைக்குப் பார்ப்பதை. லிக்னோகெய்னுக்கு உண்மையான ஒவ்வாமை மிக மிக அபூர்வம். பல் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்தது என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு அது அட்ரினலின் செய்த வேலை, அல்லது பயம்.

முதுகு ஊசிக்கு வருவோம். மருந்தின் அளவைப் பார்த்தால் இதுதான் மூன்றிலும் சிக்கனம். லோக்கலில் 40 மி.லி. தேவைப்பட்ட இடத்தில் இங்கே அரை சதவீதப் புபிவக்கெய்ன் 3 மி.லி., அதாவது 15 மி.கி. போதும். நரம்பு வேர்கள் தண்டுவட நீரில் தடித்த உறை இல்லாமல் கிடப்பதால் கொஞ்சம் பட்டாலே மரத்துவிடும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் எலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. நாங்கள் ஊசி போடுவது அதற்கும் கீழே, மூன்றாவது, நான்காவது எலும்புக்கு நடுவில். தண்டுவடத்தையே குத்திவிடுவார்கள் என்ற பயம் தேவையில்லை. நாங்கள் "ஹெவி" என்று சொல்லும் மருந்தில் மி.லி.க்கு 80 மி.கி. சர்க்கரை கலந்திருக்கிறது. அதனால் அது தண்டுவட நீரைவிடக் கனமாகித் தாழ்ந்த பக்கம் இறங்கும். மேசையைச் சாய்த்து மரப்பு எதுவரை ஏற வேண்டும் என்று நாங்கள் வைத்துக்கொள்கிறோம்.

1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் அகஸ்ட் பியர் இதை முதலில் கொக்கெய்னை வைத்துச் செய்தார். தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்துப் பல நாள் தலைவலியில் படுத்தார். அந்தத் தலைவலி ஊசித் துளை வழியாகத் தண்டுவட நீர் கசிவதால் வருவது. இப்போது முடியைப் போன்ற 25, 27 அளவு ஊசிகள் வந்துவிட்டன. அதிலும் பென்சில் முனை ஊசி போட்டால் வெகுவாகக் குறைகிறது. வயதானவர்களுக்கு வருவதும் குறைவு, இளம் பெண்களுக்குத்தான் அதிகம். மகள் சொன்ன இடுப்பு வலி வேறு. குத்தின இடம் நாலைந்து நாள் நோகலாம். வருஷக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கு முதுகு ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. அந்தப் பெரியம்மாவுக்கு ஊசி போட்டது பிரசவத்துக்கு. பத்து மாதச் சுமையும், பிறகு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே செய்த தோட்ட வேலையும் அந்த இடுப்புக்குப் போதும். ஊசியின் மேல் பழி போட்டுவிட்டால் வலிக்கான வைத்தியமும் தள்ளிப்போகிறது, அதுதான் எனக்கு வருத்தம்.

அப்படியென்றால் முதுகு ஊசியை ஏன் மூன்றாவதாக வைக்கிறேன்? முதுகு வலிக்காக இல்லை. இரண்டு விஷயத்துக்காக. ரத்தக் குழாய்களை இறுக்கி வைத்திருக்கும் மெல்லிய நரம்புகளும் சேர்ந்து மரக்கின்றன, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. இருபது வயதுக்காரர் இதயத்தை வேகமாக ஓட்டிச் சமாளிப்பார். 68 வயதுக்காரரால் அவ்வளவு முடியாது. ஃபினைல்எஃப்ரின், மெஃபென்டர்மின் என்று ஊசி போட்டு அழுத்தத்தை நாங்கள் தூக்கி நிறுத்துவோம். ஆனாலும் அந்தச் சில நிமிஷம் இதயத்துக்கும் மூளைக்கும் சுமைதான்.

இரண்டாவது, மூத்திரம். மூத்திரப் பைக்குப் போகும் நரம்புகள் முதுகுத் தண்டின் அடிக்கோடியிலிருந்து வருகின்றன. கால் அசைந்த பிறகும் அவை விழிக்க நேரமாகும். அதற்குள் பை நிரம்பிவிடும், போகவேண்டும் என்ற உணர்வே வராது. இவர் ராத்திரியில் நாலு தடவை எழுந்து வெளியே போகிறவர். மகள் பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்த மாத்திரைகளில் பிராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின் இருந்தது. அப்படிப்பட்டவருக்கு முதுகு ஊசி போட்டால் அன்று ராத்திரி மூத்திரக் குழாய் போட வேண்டி வரும் வாய்ப்பு நிறைய. குழாயோடு வீட்டுக்குப் போய், அதில் கிருமி தொற்றி, மறுபடி வந்து படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குடலிறக்கத்துக்கு வந்தவர் மூத்திரத் தொற்றுக்குப் படுப்பது எனக்குத் தாங்கவில்லை.

மாத்திரைக் கவரைக் கொட்டிப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆஸ்பிரின் மட்டும் என்றால் முதுகு ஊசிக்குத் தடையில்லை. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் குளோபிடோகிரெல் இருந்தால் 5 முதல் 7 நாள் நிறுத்திய பிறகுதான்; இல்லாவிட்டால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டி காலே விளங்காமல் போகலாம். அந்த மாத்திரையை நீங்களாகவும் நிறுத்தக் கூடாது, ஸ்டென்ட் வைத்த இதய மருத்துவரைக் கேட்டுத்தான்.

மகனுடைய பயம் முழு மயக்கம், ஞாபக மறதி. அதற்குப் பதில் சொல்ல இப்போது நல்ல ஆதாரம் இருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரை அமெரிக்காவிலும் கனடாவிலும் முதுகு ஊசி, முழு மயக்கம் என்று சீட்டுப் போட்டதுபோலப் பிரித்துப் பார்த்த ரீகெய்ன் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. 60 நாள் கழித்து இறந்தவர்களும் நடக்க முடியாதவர்களும் சேர்ந்து முதுகு ஊசியில் 18.5 சதவீதம், முழு மயக்கத்தில் 18 சதவீதம். அதையொட்டியே வெளிவந்த சீனாவின் ராகா ஆய்வில் 65 வயதுக்கு மேற்பட்ட 950 பேர். ஆபரேஷனுக்குப் பின் புத்தி தடுமாறியவர்கள் முதுகு ஊசிப் பக்கம் 6.2 சதவீதம், முழு மயக்கத்தில் 5.1. வித்தியாசம் என்று சொல்ல எதுவும் இல்லை. முதுகு ஊசி போட்டால் மூளை பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. பெரியவர்கள் ராத்திரியில் புத்தி தடுமாறிப் பேசுவது வலியால், நிரம்பிய மூத்திரப் பையால், கண்ணாடியையும் காது மெஷினையும் கழற்றி வைத்துவிட்டதால், பழகாத இடத்தால், மிடாசோலம் போன்ற தூக்க ஊசியால். இவற்றில் பலவற்றைக் குடும்பமே சரிசெய்யலாம். கண்ணாடியை மாட்டிவிட்டு, பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் பாதி தெளிந்துவிடும்.

முழு மயக்கத்தில் முதலில் போவது புரோபோஃபால். 1986-இல் விற்பனைக்கு வந்த வெள்ளை மருந்து. சோயா எண்ணெயிலும் முட்டை லெசித்தினிலும் கரைத்திருப்பதால் பால் போல இருக்கும், ஏறும்போது கையில் எரியும். அரை நிமிஷம், ஒரு நிமிஷத்தில் கண் சொருகும், மேலே எதுவும் கொடுக்காவிட்டால் பத்து நிமிஷத்துக்குள் விழித்துவிடுவார். கல்லீரல் அவ்வளவு சீக்கிரம் மருந்தைக் கரைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் தலைமடை முதலில் நனைகிறது, பிறகுதான் கடைமடைக்குப் போகிறது. அப்படித்தான். ரத்தம் அதிகம் பாயும் மூளைக்கு மருந்து முதலில் போகிறது, பிறகு தசைக்கும் கொழுப்புக்கும் பரவுகிறது. மூளையில் வற்றியதும் விழிப்பு வருகிறது. மருந்து இன்னும் உடம்பில்தான் இருக்கிறது. வயதானவருக்கு இந்தப் பாய்ச்சல் மெதுவாக நடக்கும், மூளையும் சீக்கிரம் மயங்கும். அதனால் இளைஞருக்குக் கிலோவுக்கு 2, 2.5 மி.கி. போடுகிற இடத்தில் இவருக்கு 1 அல்லது 1.5 போதும், 6 முதல் 9 மி.லி. அதையும் மெதுவாகச் செலுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். "இன்னும் தூங்கலையே" என்று அவசரப்பட்டு இன்னொரு 5 மி.லி. தள்ளினால்தான் ரத்த அழுத்தம் விழும். தூக்கம் வந்தபின் அதைத் தொடர வைக்கும் செவோஃப்ளூரேன் வாயுவும் அப்படியே. நாற்பது வயதுக்கு மேல் பத்து வருஷத்துக்குச் சுமார் 6 சதவீதம் வீதம் தேவை குறைந்துகொண்டே வரும்.

முழு மயக்கத்தில் என் கவலை நுரையீரல். இவர் நாளைக்கு ஒரு கட்டு பீடி பிடித்தவர், முப்பது வருஷம் பஞ்சாலைத் தூசியில் நின்றவர், மூச்சுக் குழாய் கொஞ்சம் தொட்டாலே இறுகிக்கொள்ளும். தொண்டையோடு நிற்கும் முகமூடிக் குழாய் போட்டு, மூச்சைத் தானாக விட வைத்து எடுத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு லேப்ராஸ்கோப்பில் செய்வதானால் வயிற்றில் காற்றை நிரப்புவதால் பெரும்பாலும் முழு மயக்கம், பெரும்பாலும் மூச்சுக் குழாய்க்குள் டியூப். சின்ன வயதுக்காரருக்கு, இரண்டு பக்கக் குடலிறக்கத்துக்கு, சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டியவருக்கு அது நல்ல வழி.

மயக்கத்தில் ஒரு மருந்தைப் பற்றிக் குறிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் நம் மண்ணோடு சம்பந்தப்பட்டது. குடல் சிக்கி, வாந்தி எடுத்துக்கொண்டு ராத்திரியில் வந்துவிட்டால் மூன்று வழி என்ற பேச்சே இல்லை. வாந்தி நுரையீரலுக்குள் போகாமல் ஒரு நிமிஷத்தில் டியூப் போட வேண்டும். அதற்குத் தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் என்ற ஊசி இருக்கிறது. ரத்தத்தில் உள்ள கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைச் சில நிமிஷத்தில் உடைத்துவிடும். வயலில் அடிக்கிற குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் அந்த நொதியைத்தான் முடக்குகின்றன. முகத்தைக் கட்டாமல் பருத்திக்கும் மஞ்சளுக்கும் மருந்து அடித்துவிட்டு வந்தவருக்கு இந்த ஊசியைப் போட்டால் பத்து நிமிஷத்தில் திரும்ப வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் திரும்பாமல் போகலாம். பிறவியிலேயே இந்த நொதி குறைந்தவர்களும் உண்டு. ஆரிய வைசிய சமூகத்தில் இது அதிகம் காணப்படுகிறது. நொதியின் 307-ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின் வந்துவிடுவதே காரணம் என்று கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கெடுத்த ஆய்வு 2006-இல் காட்டியது. நோய் என்று இதைச் சொல்ல முடியாது, அன்றாட வாழ்க்கையில் ஒரு தொந்தரவும் தராது. மயக்க மருத்துவருக்குத் தெரிந்தால் ரோக்குரோனியம் போன்ற வேறு மருந்துக்குப் போய்விடுவார். தெரியாவிட்டால்தான் ஆபத்து. "உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் முடிந்து மூச்சு வரத் தாமதமாகி மெஷினில் வைத்தார்களா" என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான்.

பெரியவர் கடைசியாக மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப பையன் பாத்துக்கறானுங்க கண்ணு, நான் மாட்டோட சரி."

சர்ஜன் லோக்கலில் கைப்பழக்கம் உள்ளவர். லோக்கல் என்று முடிவாயிற்று. மகனுக்கும் மகளுக்கும் இதிலும் ஒரு பயம் இருந்தது: முழித்துக்கொண்டே வெட்டுப்படுவதா? அது நியாயமான பயம்தான். எதற்கும் பதறுகிறவருக்கு, காது கேட்காமல் பேச்சு புரியாதவருக்கு, மிகவும் பருமனானவருக்கு, குடல் சிக்கிக்கொண்டவருக்கு நான் லோக்கலைச் சொல்ல மாட்டேன். லோக்கலில் சர்ஜனின் கையே பாதி மயக்க மருந்து. இழுக்காமல், அவசரப்படாமல், அடுக்கடுக்காகப் போகிறவராக இருக்க வேண்டும். அப்படிப் பழகாத சர்ஜனிடம் நீங்கள் லோக்கல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதைவிட முழு மயக்கம் மேல்.

லோக்கலானாலும் வெறும் வயிறு வேண்டும், நடுவில் முழு மயக்கத்துக்கு மாற வேண்டி வரலாம். சோறு, இட்லி, சந்தகை எதுவானாலும் 6 மணி நேரம். கறிச்சோறு, எண்ணெய்ப் பலகாரம் என்றால் 8. பால் ஊற்றிய காபியும் டீயும் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும், 6 மணி நேரம். விடியக்காலையில் "ஒரு டம்ளர் காபித்தண்ணிதானுங்க குடிச்சேன்" என்று சொல்லி ஆபரேஷன் தள்ளிப்போன நாட்கள் எத்தனையோ. வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். ராத்திரி பத்து மணியிலிருந்து நாக்கு வறண்டு கிடந்து வருகிற பெரியவருக்கு எந்த மயக்கம் கொடுத்தாலும் ரத்த அழுத்தம் இறங்கும்.

அன்று மேசையில் அவர் படுத்ததும் மருந்தில் கொஞ்சம் சோடியம் பைகார்பனேட் கலந்தோம். மருந்தின் அமிலத்தன்மை குறையும், ஏறும்போது எரிச்சல் தெரியாது. முதல் ஊசிக்கு மட்டும் பல்லைக் கடித்தார். கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் சர்ஜன் கத்தியை எடுத்தார். அரை மணி நேரம் ஒன்றும் இல்லை; வீட்டில் நிற்கும் மயிலைக் காளையைப் பற்றி, அதன் திமிலைப் பற்றி, போன சந்தையில் கேட்ட விலையைப் பற்றி என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குடல் பையைப் பிரித்து இழுத்தபோது பேச்சு நின்றது. "வவுத்துக்குள்ள யாரோ புடிச்சு இழுக்கற மாதிரி இருக்குது கண்ணு." உள்சவ்வின் வலி அது, தோலில் போட்ட மருந்து அங்கே எட்டாது. சர்ஜன் நிறுத்தினார், அதற்கென்று மிச்சம் வைத்திருந்த 4 மி.லி.யைப் பையின் கழுத்தில் போட்டார், இரண்டு நிமிஷம் எல்லோரும் சும்மா நின்றோம். "ஆ, உட்டுப்போச்சு" என்றார். வலை வைத்துத் தைத்து முடித்ததும் "அய்யா, பலமா ஒருக்கா இருமுங்க" என்றார் சர்ஜன். பீடிக்காரர் இருமல், மேசையே அதிர்ந்தது. வலை நகரவில்லை. அதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு முழு மயக்கத்தில் கிடையாது.

புபிவக்கெய்ன் மிச்ச வேலையைச் செய்ததால் சாயந்தரம் வரை வலி இல்லை. இரண்டாவது மணி நேரத்தில் தானே எழுந்து நடந்துபோய் மூத்திரம் போய்விட்டு வந்தார். மகள் அதைத்தான் முதலில் என்னிடம் ஓடிவந்து சொன்னார்.

அடுத்த வாரம் தையல் பார்க்க வந்தபோது மகள் தன் அம்மாவையும் கூட்டி வந்திருந்தார், பித்தப்பையில் கல். "ஏனுங் டாக்டரம்மா, அம்மாளுக்கும் இதே மாதிரி மரப்பு ஊசி போட்டே பண்ணிரலாமுங்களா?" முடியாது என்று சொன்னேன். பித்தப்பையை லேப்ராஸ்கோப்பில்தான் எடுக்கப் போகிறார்கள், வயிறு முழுக்கக் காற்று நிரப்ப வேண்டும், அவருக்கு முழு மயக்கம்தான். மகள் முகம் வாடியது. அந்த அம்மாவிடம் மருந்து அடித்த காட்டில் களை எடுக்கப் போவீர்களா என்று கேட்டேன். போன வாரம்தான் போனேன் என்றார். கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன்.